விபத்து நடந்த நாளா, தெரிய வந்த நாளா? இழப்பீட்டு வழக்கின் கெடு எங்கே தொடங்குகிறது

போன டிசம்பரில் கள்ளிக்குடி பக்கம் பருத்தியில் சாறு உறிஞ்சும் பூச்சிகள் பற்றி ஒரு பயிற்சி. வெள்ளை ஈ, தத்துப்பூச்சி, இலைப்பேன் என்று பேசி முடித்து, மஞ்சள் ஒட்டுப்பொறிகளைக் கையில் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஐம்பது வயதை ஒட்டிய ஒரு விவசாயி ஓரமாகக் கூப்பிட்டார். வலது காலில் ராடு வைத்திருக்கிறது. ஊன்றி ஊன்றித்தான் நடக்கிறார். ஏப்ரல் மாதம் நான்குவழிச் சாலையைக் கடக்கும்போது கார் இடித்துவிட்டதாம்.

"சார், போலீஸ் கேஸ் முடிஞ்ச பிறகு இழப்பீட்டுக்குப் போட்டுக்கலாம்னு இருந்தோம். இப்ப ஒருத்தர், ஆறு மாசம் தாண்டிருச்சு, இனிமே போட முடியாதுங்கிறார். நெசமா?"

வெள்ளை ஈக்கு என்னிடம் பதில் இருந்தது. இதற்கு அன்றைக்கு இல்லை. எங்கள் வேளாண்மைக் கல்லூரியும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் ஒரே மேலூர் சாலையில்தான் இருக்கின்றன. ஒத்தக்கடை பஸ்ஸில் விதை வாங்க வருகிறவரும் வழக்குக்கு வருகிறவரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்து வருகிறார்கள். அந்தப் பக்கம் போய், தெரிந்த வழக்கறிஞர்களிடம் கேட்டேன். சட்டப் பிரிவுகளையும் எடுத்துப் படித்தேன். படிக்கப் படிக்க, இது ஒருவருடைய கேள்வி இல்லை என்று தெரிந்தது. டிராக்டர் இடித்தவர், மருந்து அடித்து மயங்கியவர், அறுந்து கிடந்த மின்கம்பியை மிதித்தவரின் மனைவி என்று எல்லோரும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். வழக்குக்குக் கெடு உண்டு என்பது பலருக்கும் தெரிகிறது. அந்தக் கெடு எந்த நாளில் ஓடத் தொடங்குகிறது என்பது தெரிவதில்லை.

ஆறு மாதக் கெடு: போனது, வந்தது, இப்போது நிற்கிறது

அவருக்குச் சொல்லப்பட்டது பொய் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவில் மூன்றாம் உட்பிரிவு என்று ஒன்று இருக்கிறது. விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனுவைத் தாக்கல் செய்யாவிட்டால் தீர்ப்பாயம் அதை ஏற்கக் கூடாது என்கிறது அது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த இந்த விதி, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1939ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஆறு மாதம்தான். போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம். 1988ஆம் ஆண்டுச் சட்டமும் ஆறு மாதம் என்றது. காரணம் இருந்தால் ஓராண்டு வரை ஏற்கலாம், அதற்கு மேல் கிடையாது என்று அங்கே ஒரு வேலி போட்டார்கள். வெளியூர் ஆஸ்பத்திரியில் மாதக் கணக்கில் கிடந்தவர்களும், சட்டமே தெரியாத ஏழைகளும் அந்த வேலிக்கு வெளியே நின்றுபோனார்கள். அதனால் 1994 நவம்பர் 14 முதல் கெடுவையே எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் நடந்த ஒரு விபத்தில், ஓராண்டைச் சில நாட்கள் தாண்டி மனுப் போட்டவருக்குக்கூட 1996இல் உச்ச நீதிமன்றம் கதவைத் திறந்துவிட்டது. அதன் பிறகு இருபத்தேழு ஆண்டுகள் வாகன விபத்து இழப்பீட்டுக்குக் கெடு என்பதே இல்லை. நம் ஊர்களில் இன்றும் "அதெல்லாம் எப்ப வேணும்னாலும் போடலாம்ப்பா" என்று சொல்கிறவர்கள் அந்தக் காலத்து அனுபவத்தில் சொல்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. சட்டம்தான் சத்தமில்லாமல் மாறிவிட்டது.

திரும்பி வந்த ஆறு மாதக் கெடு பழையதைவிடக் கடுமையானது. தாமதத்தை மன்னிக்கும் வாசகமே இதில் இல்லை. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் மனுக்கள் வந்தன. 2025 நவம்பர் தொடக்கத்தில் நீதிபதிகள் அரவிந்த் குமார், என்.வி. அஞ்சாரியா அமர்வு ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. ஆறு மாதம் தாண்டிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக எந்தத் தீர்ப்பாயமும் உயர் நீதிமன்றமும் இழப்பீட்டு மனுவைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்பது அந்த உத்தரவு.

கள்ளிக்குடிக்காரருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "போடலாம். நாளைக்கே போடுங்க." நாளைக்கே என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இது இடைக்கால உத்தரவு. அந்த விதி செல்லுமா செல்லாதா என்று தீர்ப்புச் சொன்னதாக ஆகாது. விதி செல்லும் என்று இறுதித் தீர்ப்பு வந்துவிட்டால், இன்னும் மனுவே போடாதவர்கள் நிலை என்னவாகும்? மடை திறந்திருக்கிறபோதே தண்ணீரைக் கட்டிக்கொள்ள வேண்டும். புதிதாக விபத்தில் சிக்கியவர்கள் இந்த உத்தரவை நம்பித் தள்ளிப் போடவே வேண்டாம். ஆறு மாதம்தான் உண்டு என்று நினைத்து நடந்துகொள்வதே நல்லது.

ஆறு மாதம் என்பது நியாயமான கெடுவா? கெடுவே இல்லாவிட்டால் ஆண்டுகள் கழித்து ஜோடிக்கப்பட்ட விபத்துகளும் மனுவாக வரும், சாட்சி கிடைக்காது என்பது இன்சூரன்ஸ் தரப்பின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தொடை எலும்பு முறிந்த ஒரு விவசாயியின் ஆறு மாதத்தை எண்ணிப் பாருங்கள். முதல் மாதம் பெரியாஸ்பத்திரி வார்டு. அடுத்த இரண்டு மூன்று மாதம் கட்டிலில். எழுந்து நடக்கும்போது விதைப்புக் காலம் வந்துவிடுகிறது. ஆளுக்கும் உரத்துக்கும் அலையத்தான் நேரம் சரியாக இருக்கும். கால் எந்த அளவுக்குக் கூடும், எவ்வளவு ஊனம் நிற்கும் என்று டாக்டரே அப்போது சொல்ல முடியாது. ஆறு மாதம் கம்பெனிக்குத்தான் வசதி, காட்டில் வேலை செய்கிறவனுக்கு அல்ல என்பது என் கருத்து.

போலீஸ் செய்ய வேண்டிய ஒரு வேலையும் இதில் இருக்கிறது. விபத்தை விசாரிக்கும் போலீஸார் விபத்துத் தகவல் அறிக்கை தயாரித்துத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறது 159ஆம் பிரிவு. அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ள 166ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு சொல்கிறது. முதல் அறிக்கை 48 மணி நேரத்திலும், விரிவான அறிக்கை 90 நாளிலும் போக வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் வழிகாட்டியது. இது ஒழுங்காக நடந்தால் ஆறு மாதப் பிரச்சினையே வராது. எனவே ஸ்டேஷனுக்குப் போகும்போது எப்.ஐ.ஆர். நகலோடு நிற்காமல், "தீர்ப்பாயத்துக்கு அறிக்கை அனுப்பியாச்சா?" என்றும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

எந்த நாளிலிருந்து எண்ணுவது?

வாகன விபத்தில் எண்ணிக்கை விபத்து நாளில் தொடங்குகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள், ஊனச் சான்று வாங்கிய நாள், டிரைவருக்குத் தண்டனை கிடைத்த நாள் எதுவும் கணக்கில் வராது. விபத்து நடந்த அந்த நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். ஜனவரி 10 அன்று விபத்து என்றால் ஜூலை 10 கடைசி நாள். அன்று நீதிமன்ற விடுமுறையாக இருந்தால், திறக்கிற முதல் நாள் போடலாம். அதற்காகக் கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். விபத்து எந்த ஊரில் நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம் என்று சட்டம் இடம் தருகிறது. திருப்பூரில் வேலைக்குப் போன மகன் அங்கே அடிபட்டாலும் மதுரையில் போடலாம்.

வாகனம் அல்லாத காயங்களுக்குக் கணக்கு வேறு. யாரோ ஒருவரின் கவனக்குறைவால் உடம்புக்குக் காயம் என்றால் சிவில் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி, வழக்குப் போடும் உரிமை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. இறந்துபோனவரின் குடும்பம் கேட்கும் வழக்கு என்றால் இரண்டே ஆண்டு. அது இறந்த நாளிலிருந்து ஓடும். மின்கம்பி பட்டு எட்டு மாதம் படுத்திருந்து ஒருவர் இறந்தால், குடும்பத்தின் கெடு இறந்த நாளில் தொடங்குகிறது.

மின்விபத்து பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாடிப்பட்டி, அலங்காநல்லூர் பக்கம் தென்னந்தோப்புகளிலும் கரும்புத் தோட்டங்களிலும் தொங்கும் கம்பிகளைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கும். அறுந்து விழுந்த கம்பியில் ஒருவர் இறந்தால், வாரியம் கவனமாகத்தான் இருந்தது என்று சொல்லித் தப்ப முடியாது, மின்சாரம் போன்ற ஆபத்தான ஒன்றைக் கையாளுகிறவர் பொறுப்பேற்றே ஆக வேண்டும் என்று மத்தியப் பிரதேச மின்வாரிய வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருட்டுக் கொக்கி போட்டவனால்தான் நடந்தது என்ற வாரியத்தின் வாதத்தையும் ஏற்கவில்லை. சட்டம் இப்படிச் சாதகமாக இருந்தும், நிவாரணக் காசு வரும் வரை பொறுத்திருந்து இரண்டு ஆண்டைத் தவறவிடும் குடும்பங்கள் உண்டு. (காட்டுப்பன்றிக்கு மின்கம்பி கட்டும் விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கம்பியில் ஆள் விழுந்தால் வழக்கில் எதிர்த்தரப்பு நீங்கள்தான்.)

பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்குச் சிவில் வழக்கில் சலுகை உண்டு. வயது வந்த பிறகு அவர்களுக்குக் கெடு தொடங்கும். ஆனால் பெரியவர்களுக்கு ஒருமுறை ஓடத் தொடங்கிய கெடு, இடையில் சித்தம் கலங்கிவிட்டாலும் நிற்பதில்லை. எதிர்த்தரப்பு சொல்லாவிட்டாலும், கெடு தாண்டிய வழக்கை நீதிமன்றம் தானே தள்ளிவிட வேண்டும் என்பதும் அதே சட்டம். களத்துமேட்டில் கதிரடிக்கும் இயந்திரத்தில் கை போன கூலித் தொழிலாளி தன் முதலாளியிடம் கேட்கும் இழப்பீடு தனிச் சட்டம். அதைத் தனியாக எழுத வேண்டும்.

மருந்து அடித்த உடம்பு

கார் இடித்தால் அன்றைக்கே தெரிந்துவிடுகிறது. பூச்சிமருந்து அப்படி இல்லை. தலைசுற்றல், வாந்தி, கண் மங்கல் என்று அன்று மாலையே வருவதும் உண்டு. நரம்புத் தளர்ச்சியும் கை நடுக்கமும் மெதுவாகத் தலைகாட்டுவதும் உண்டு. அப்போது கெடு எங்கே தொடங்குகிறது? மருந்து அடித்த நாளா, நோய் தெரிந்த நாளா, அந்த மருந்தால்தான் நோய் என்று தெரிந்த நாளா?

நம் காலவரம்புச் சட்டத்தில் "தெரிய வந்த நாளிலிருந்து" என்ற பொது விதி இல்லை. எதிர்த்தரப்பு மோசடி செய்து மறைத்திருந்தால் அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து எண்ணலாம் என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. செய்த காரியத்தால் அப்போது வழக்குக்கு இடமில்லாமல், பின்னால் ஒரு குறிப்பிட்ட பாதிப்பு வந்தால்தான் வழக்கு என்றால், பாதிப்பு வந்த நாளிலிருந்து எண்ணலாம் என்கிறது 23ஆம் பிரிவு. பழைய 1908ஆம் ஆண்டுச் சட்டம் இதை விளக்க ஒரு வயலையே உதாரணமாகச் சொன்னது. மேல்நிலம் ஒருவருடையது, அடிநிலம் இன்னொருவருடையது. அடியில் நிலக்கரி தோண்டுகிறார்கள். மேலே ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் வயல் உள்வாங்குகிறது. கெடு தோண்டிய நாளிலிருந்து அல்ல, வயல் இறங்கிய நாளிலிருந்து. கல்குவாரிக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது உடனே புரியும்.

உடம்பு விஷயத்தில் நீதிமன்றம் எப்படிப் பார்க்கிறது என்பதற்கு மும்பை வழக்கு ஒன்று இருக்கிறது. 1993இல் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன். அதன் பிறகு ஒன்பது ஆண்டுகள் வயிற்று வலி. 2002இல் வேறு ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்தால் உள்ளே மருத்துவத் துணி. 2004இல் நுகர்வோர் ஆணையத்தில் புகார். கண்டுபிடித்த நாளிலிருந்து எண்ணினால் இரண்டு ஆண்டுக்குள்தான் போட்டிருக்கிறார். 2010இல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? தவறு வெளிப்படையாகத் தெரிந்தால் நடந்த நாளிலிருந்து கெடு. மறைந்திருந்தால், தெரிந்த நாள், அல்லது நியாயமான அக்கறையோடு விசாரித்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாள், அதிலிருந்து கெடு. இவ்வளவும் நோயாளிக்குச் சாதகம். அதன் பிறகு, நீங்களே செவிலியர், ஒன்பது ஆண்டு வலித்தும் அந்த டாக்டரிடம் திரும்பப் போகவில்லையே, போயிருந்தால் முன்பே தெரிந்திருக்குமே என்று கேட்டு, புகார் காலம் கடந்தது என்று முடித்துவிட்டது.

அந்த ஒரு வாசகத்தைத்தான் விவசாயிகள் மனதில் வைக்க வேண்டும்: தெரிந்திருக்கக்கூடிய நாள். "எனக்குத் தெரியாது சார்" என்பது போதாது. வலி இருந்ததா, டாக்டரிடம் போனீர்களா, என்ன மருந்து அடித்தேன் என்று சொன்னீர்களா என்று கேட்பார்கள்.

2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கலாம். பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் நூற்றுக்கணக்கில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பல மருந்துகளின் பெயர் அடிபட்டது. அதில் ஒன்று சின்ஜென்டா நிறுவனத்தின் போலோ, அதாவது டையாபென்தியூரான். நம் பகுதியிலும் பருத்தி, மிளகாய், கத்தரியில் வெள்ளை ஈக்கு அடிக்கப்படுகிற மருந்துதான். உயிர் பிழைத்த ஒரு விவசாயியும், இறந்த இருவரின் மனைவியரும் அந்த நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துக்கே வழக்கைக் கொண்டுபோனார்கள். அந்த நாட்டுப் பொருள் பொறுப்புச் சட்டத்தில், பாதிப்பும் குறைபாடும் தயாரித்தவர் யார் என்பதும் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. சந்தைக்கு விட்டுப் பத்து ஆண்டு தாண்டினால் எதுவும் கிடையாது. மூன்றாண்டு முடியும் தறுவாயில், 2020 செப்டம்பரில், அங்கே வழக்குக்கு முன் கட்டாயமாக நடக்க வேண்டிய சமரச மனுவைப் போட்டார்கள். 2021 ஜூனில் வழக்கு தாக்கலானது. தங்கள் மருந்து காரணமில்லை என்கிறது நிறுவனம்.

பருத்திக் காட்டில் கூலிக்கு மருந்து அடித்தவர்களின் வழக்கு எப்படிச் சுவிட்சர்லாந்து வரை போக முடிந்தது? காகிதம் இருந்தது. போலோவோடு தொடர்புபடுத்தி 96 பேரின் நஞ்சேற்றமும், அதில் இரண்டு மரணமும் மகாராஷ்டிரப் போலீஸ் பதிவேடுகளில் ஏறியிருந்தன. எழுதி வைக்கப்பட்டிருக்காவிட்டால், எந்த மருந்து, எந்த நாள் என்றே பேச முடிந்திருக்காது.

நம் ஊரில் இந்தக் காகிதம் எப்படி எழுதப்படுகிறது? மருந்து அடித்து மயங்கியவரை ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம். பதற்றத்தில் "மருந்து சார், மருந்து" என்கிறோம். குடித்துவிட்டாரோ என்ற சந்தேகம் அங்கே முதலில் வருவது இயல்பு. நம் ஊர் நிலவரம் அப்படி. ஏ.ஆர். புத்தகத்தில் ‘விஷம் அருந்தியதாக’ என்று ஒரு வரி ஏறிவிட்டால், பின்னால் எந்த நீதிமன்றத்திலும் எதிர்த்தரப்பு முதலில் காட்டுவது அந்த வரியைத்தான். கூடப் போகிறவர் தெளிவாகச் சொல்ல வேண்டும்: காட்டில் மருந்து அடிக்கும்போது மயங்கினார், குடிக்கவில்லை, மருந்தின் பெயர் இது, இத்தனை மணிக்கு. டப்பாவையும் உடன் கொண்டுபோங்கள். டாக்டருக்குச் சிகிச்சைக்கும் அதுதான் தேவை. காலி டப்பாவை மூன்று முறை கழுவி அழித்துவிடுங்கள் என்று நாங்கள்தான் பயிற்சியில் சொல்கிறோம். அது சாதாரண நாளுக்கு. ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் டப்பாவைக் கழுவவும் வேண்டாம், புதைக்கவும் வேண்டாம். பேட்ச் எண், காலாவதி நாள், முக்கோண நிறம் தெரிகிற மாதிரிப் பாலிதீன் பையில் கட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, கடை பில்லோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பூச்சிமருந்துக் கம்பெனி மீது நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். விவசாயி நுகர்வோர்தான் என்று விதை வழக்கு ஒன்றில் 2012இல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறையுள்ள பொருளால் உடல் காயமோ மரணமோ ஏற்பட்டால் தயாரித்தவர் பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர். எனவே கூலிக்கு அடித்தவருக்கும் வழி உண்டு. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. எச்சரிக்கை போதவில்லை என்று வழக்குப் போட்டால், வேலைக்கு வைத்தவரிடம் எச்சரிக்கையைக் கொடுத்துவிட்டோம் என்று கம்பெனி சொல்லித் தப்பிக்க அதே சட்டம் இடம் தருகிறது. லேபிளில் கையுறை, முகக்கவசம் என்று அச்சடித்திருக்கும். அதைத் தோட்டக்காரர் ஆளுக்கு வாங்கித் தந்தாரா என்ற கேள்வி அப்போது நம் பக்கம் திரும்பும். இந்த ஆணையத்தில் கெடு இரண்டு ஆண்டு. போதிய காரணம் இருந்தால், அதை எழுதி வைத்துத் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. சிவில் வழக்கில் இந்த மன்னிப்பு கிடையாது.

பாதிப்பு மெதுவாக வரும்போது தனி ஆளாகப் போராடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு நம் மலை மேலேயே சாட்சி இருக்கிறது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. பாதரசத்தால் உடல் கெட்டது என்று முன்னாள் தொழிலாளர்கள் சங்கமாகச் சேர்ந்து 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 591 பேருக்கும் அவர்கள் குடும்பங்களுக்குமாக 2016 மார்ச்சில்தான் உடன்பாடு வந்தது. அப்போதும் பாதரசம்தான் காரணம் என்று கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாக நஷ்டஈட்டு வழக்குப் போட்டிருந்தால், எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற கேள்வியிலேயே பலரும் விழுந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

எதற்கெல்லாம் நாள் நிற்காது

கிராமத்தில் கெடு கரைவது பெரும்பாலும் பேச்சில்தான். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்து, "அறுப்பு முடியட்டும், ஒரு தொகை தர்றேன்" என்று எதிராளி சொல்வார். அதை நம்பி இரண்டு பட்டம் போய்விடும். பேச்சு நடந்த நாட்களைக் கழித்துவிட்டு எண்ண முடியாது.

திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனுக் கொடுத்துச் சீல் போட்ட ரசீது வைத்திருப்பவர்கள் நிறைய. விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கிறோம். கொடுங்கள், தப்பில்லை, ஆனால் அது நீதிமன்றம் அல்ல. தெரியாமல் தவறான நீதிமன்றத்தில் நல்லெண்ணத்தோடு வழக்கு நடத்திய காலத்தைக் கழிக்கச் சட்டம் இடம் தருகிறது. அதிகாரிகளிடம் மனுக் கொடுத்துக் காத்திருந்த காலத்துக்கு அந்தச் சலுகை இல்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதாலும் நாள் நிற்பதில்லை. அரசுத் துறை மீதான வழக்கில் மட்டும், சட்டப்படி முன்கூட்டியே தர வேண்டிய இரண்டு மாத நோட்டீஸ் காலம் கழிக்கப்படும். முதலமைச்சர் நிவாரண நிதி, மின்வாரியம் தரும் உதவித்தொகை, சொந்த விபத்துக் காப்பீடு எதை வாங்கினாலும் வழக்கின் கெடு தன் பாட்டுக்கு ஓடும். அதேபோல், அவற்றை வாங்கியதாலேயே வழக்கு உரிமை போய்விடும் என்று பயந்து வாங்காமல் இருக்கவும் வேண்டாம். கையெழுத்துப் போடும் தாளில் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி இருக்கிறதா என்று மட்டும் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

போலீஸ் கேஸ் முடியட்டும் என்று இருப்பதுதான் எல்லாவற்றிலும் அதிகம் நடப்பது. குற்ற வழக்கும் இழப்பீட்டு வழக்கும் வெவ்வேறு தடம். ஒன்று முடியாமல் மற்றதைத் தொடங்கலாம். டிரைவருக்குத் தண்டனை கிடைக்காவிட்டாலும் இழப்பீடு கிடைக்கலாம், ஏனென்றால் அங்கே கேட்கும் ஆதாரத்தின் அளவு வேறு. இடித்த வண்டி எது என்றே தெரியாவிட்டாலும் முடிந்துபோகவில்லை. அடித்துவிட்டு ஓடிய வண்டிகளுக்கான 2022ஆம் ஆண்டுத் திட்டத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. எப்.ஐ.ஆர். இல்லாமல் அதுவும் நகராது.

கையில் இருக்க வேண்டியவை அதிகம் இல்லை. ஸ்டேஷனில் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீது, எப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரியின் முதல் ஓ.பி. சீட்டு, ஏ.ஆர். காப்பி, காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்துக் கடை பில்கள். விவசாயிக்கு இன்னும் ஒன்று முக்கியம்: வருமானத்துக்கு ஆதாரம். நமக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. சிட்டா, அடங்கல், நெல் கொள்முதல் நிலைய ரசீது, பால் சொசைட்டிப் புத்தகம், மல்லிகை கமிஷன் கடைச் சீட்டு, கூட்டுறவுப் பயிர்க்கடன் புத்தகம் இவைதான் நம் சம்பளச் சீட்டு. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் தரும் துண்டுச் சீட்டைக் கசக்கி எறியாமல் ஒரு கம்பியில் குத்தி வையுங்கள்.

வக்கீலுக்குக் காசில்லை என்று யாரும் நாளைத் தள்ள வேண்டாம். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமானம் எவ்வளவு என்றாலும் இலவசச் சட்ட உதவிக்குத் தகுதியானவர்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற இலவச எண்ணுக்கும் பேசலாம். போனவுடன் அவர்கள் முதலில் கேட்பது காயம் எப்படி என்பதல்ல, தேதி என்ன என்பதுதான்.

கள்ளிக்குடிக்காரர் மறு வாரமே போனார். விபத்து ஏப்ரலில், மனு டிசம்பரில். எட்டாவது மாதம். ஏப்ரல் மாதத்து டிஸ்சார்ஜ் சம்மரி மழையில் நனைந்து எழுத்து அழிந்துவிட்டதால், ஆஸ்பத்திரி ரெக்கார்டு பிரிவில் நகல் கேட்டு இரண்டு முறை அலைந்திருக்கிறார். பொங்கலுக்கு முந்தின வாரம் போன் செய்தார். மனுவுக்கு நம்பர் ஆகிவிட்டதாம், எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போயிருக்கிறதாம். பேசி முடித்துவிட்டு, "சார், அந்த மஞ்சள் அட்டையில பூச்சி ஒட்டி நிறைஞ்சு போச்சு, மாத்தணுமா?" என்று கேட்டார். மாற்றச் சொன்னேன்.